மூன்றடித் தொட்டிக்கு ஒரு கைதி

என் மீன்தொட்டி காலியானதற்குக் காரணம் ஆஸ்கர் என்ற வளர்ப்பு மீன். இரண்டு அங்குலக் குஞ்சாக வாங்கி வந்தேன். "பெரிசாகுமே?" என்று கேட்டதற்கு, "தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் சார் வளரும்" என்றார் கடைக்காரர். எட்டு மாதத்தில் ஒன்பது அங்குலம். என் தொட்டி மூன்றடி நீளம், பதினைந்து அங்குல அகலம். அது திரும்ப வேண்டுமென்றால் உடம்பை வில்லாக வளைத்துத்தான் திரும்பும். ஆஸ்கர் ஒரு அடி வரை போகும் மீன். தொட்டி சின்னதாக இருந்தால் வளர்ச்சி குறைவது உண்மைதான். ஆனால் அது தொட்டிக்கு மரியாதை கொடுத்துக் குறைவதில்லை, கழிவு சேர்ந்த தண்ணீரில் உடம்பு கெட்டுப்போய்க் குறைவது. சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இந்த முறை மீனைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால் கணக்குப் போடுவது என்று முடிவு. 36, 15, 18 அங்குலம் என்றால் கணக்குப்படி 159 லிட்டர். மேலே விடும் இடைவெளி, அடியில் பரப்பும் கிராவல், கல் எல்லாம் போக 130 லிட்டர் தேறும். அப்புறம் தண்ணீர். எங்கள் வீட்டு போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 900-ஐத் தொடுகிறது, பிஎச் 7.8. குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் ரகம். இதை மாற்றப்போவதில்லை, இந்தத் தண்ணீருக்கு எந்த மீன் சரிப்படுமோ அதைத்தான் தேடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

அந்த ஒரு நிபந்தனையிலேயே பாதிப் பட்டியல் அடிபட்டது. டிஸ்கஸ், ராம் இரண்டும் தென் அமெரிக்காவின் உப்புக் குறைந்த மென்னீரில் பிறந்த வகைகள். டிஸ்கஸுக்கு என் தண்ணீரை ஊற்றுவதற்குப் பதில் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம். ஆர்ஓ தண்ணீர் கலந்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்கள் (ஆஸ்கரும் டிஸ்கஸும் இந்தச் சிக்லிட் குடும்பம்தான்) நேர் எதிர். கடின நீர்தான் அவற்றுக்குச் சொந்த ஊர். நீலம், மஞ்சள் என்று நிறமும் கடல்மீன் போல இருக்கும். ஆனால் அங்கே பாறை இடுக்குகளில் வாழும் ம்புனா வகைகளைக் கூட்டமாகத்தான் வைக்க வேண்டும். நாலைந்தை மட்டும் விட்டால் பலசாலி ஒன்று மற்றதைக் குறிவைத்து அடித்தே கொன்றுவிடும். பதினைந்து, இருபது என்று விட்டால் அடி எல்லோருக்கும் பங்கு பிரியும். எனக்கு வேண்டியது கூட்டமில்லை. ஆளைப் பார்த்தால் கண்ணாடிக்கு ஓடி வரும் ஒற்றை மீன். ஆஸ்கர் பழக்கிவிட்ட ருசி அது.

ஒற்றை மீன் என்றதும் எல்லோரும் சொல்வது ஃப்ளவர்ஹார்ன். மலேசியாவில் 1990களில் கலப்பினமாக உருவாக்கியது. இயற்கையில் எந்த ஆற்றிலும் கிடையாது. தலைக்கொண்டை பெரிதாக இருந்தால் ஒரு விலை, உடம்பில் சீன எழுத்து மாதிரிப் புள்ளி விழுந்தால் வேறு விலை. அதிர்ஷ்டத்துக்காக வரவேற்பறையில் வைப்பவர்கள் உண்டு. தொட்டிக்கு அதுவும் பெரிசு, என் பர்சுக்கும் பெரிசு. பேரட் என்று விற்கும் சிவப்பு மீனும் கலப்பினம்தான். அதன் வாய் முழுசாக மூடாது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்க எனக்கு மனசு வரவில்லை.

மிச்சமிருந்தது மத்திய அமெரிக்கா. அங்குள்ள நீர்நிலைகள் பலவற்றில் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும். ஜாக் டெம்ப்ஸி எட்டு அங்குலம் வரும் என்பதால் விட்டேன். அதைவிடச் சின்ன வகைகளான ஃபயர்மவுத்தா, கான்விக்ட்டா என்று நின்றது.

இதற்கிடையில் தொட்டியைத் தயார் செய்யும் வேலை ஓடியது. நண்பரின் ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டரிலிருந்து பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வாங்கி என் ஃபில்டருக்குள் திணித்து, அமோனியா சொட்டு விட்டு, டெஸ்ட் கிட்டில் நாள் விட்டு நாள் பார்த்தேன். மீனுக்கு விஷமான அமோனியா, ஃபில்டரில் வளரும் பாக்டீரியாவால் நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறும் வரை மீன் விடக் கூடாது. சும்மா விட்டால் நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். பழைய ஸ்பாஞ்ச் புண்ணியத்தில் பதினெட்டே நாளில் முடிந்தது. காலித் தொட்டியில் ஃபில்டர் ஓடுவதைப் பார்த்து அம்மா, "யாருக்குடா இந்த ஏற்பாடு?" என்று தினமும் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனேன். கடைக்குக் கடை ஏறி இறங்கினால் கால் வலிக்கும், மீன் பிடிக்கும் வலை வாசம் சட்டையில் ஒட்டும். ஃபயர்மவுத் நான் பார்த்த இடங்களிலெல்லாம் துவண்டு, துடுப்பு ஒட்டிக் கிடந்தது. ஒரு கடையின் கடைசி அடுக்கில், கீழ்த்தட்டில், முப்பது நாற்பது கான்விக்ட் குஞ்சுகள். சாம்பல் உடம்பில் எட்டொன்பது கறுப்புக் கோடு. பழைய படத்தில் வரும் ஜெயில் கைதிச் சட்டையேதான், பெயரும் அதனால்தான். விலை மலிவு. அதனாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை.

நான் உட்கார்ந்து கண்ணாடியில் விரலை வைத்தேன். தீனி என்று நினைத்து எல்லாமே வந்தன. இதை நம்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். ஒரு நிமிடத்தில் எல்லாம் கலைந்துவிட்டன. ஒன்று மட்டும் போகவில்லை. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. செவுளை விரித்துக்கொண்டு விரல்நுனிக்கு நேராக நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தது. கண் தெளிவு, வயிறு ஒட்டவில்லை, துடுப்பில் கிழிசல் இல்லை. பக்கத்தில் வந்த இன்னொன்றை முட்டித் தள்ளிவிட்டு மறுபடி விரலுக்கே வந்தது.

"அண்ணா, அதையா? ஆண் மாதிரித்தான் தெரியுது" என்றான் வலை வைத்திருந்த பையன். அந்த அளவில் யாராலும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் நம்பினேன்.

வீட்டில் பையைப் பார்த்ததும் அம்மா சொன்னதுதான் உச்சம்: "டேய், இது ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு. இதையா காசு குடுத்து வாங்கிட்டு வந்த?" தப்பே இல்லை. ஏரி குளமெல்லாம் நிறைந்து கிடக்கும் ஜிலேபியும் சிக்லிட் குடும்பம்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே ஊரையே வளைத்துக்கொண்ட சொந்தக்காரன். கேரளத்துக் கரிமீனும் அதே குடும்பம். அம்மா குழம்பு வைக்காத சிக்லிட்தான் எங்கள் வீட்டில் புதுசு.

ராஜா என்று பெயர் வைத்தோம். முதல் நாள், தொட்டிக்குள் வைத்திருந்த பூந்தொட்டிக்குள் போய் ஒளிந்தது. கொளத்தூர் வீரமெல்லாம் காணோம். மூன்றாம் நாள் வெளியே வந்து கிராவலை வாயில் அள்ளி அள்ளி இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு மாற்ற ஆரம்பித்தது. நட்டிருந்த வாலிஸ்நேரியா நீர்ச்செடிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. இரண்டு முறை திரும்ப நட்டேன். மூன்றாவது முறை கல்லில் கட்டிய ஜாவா ஃபெர்னுக்கு மாறிவிட்டேன்.

தீனி போடும்போது உற்றுப் பார்ப்பேன். பெல்லட்டை விழுங்கியதும் வாய் சும்மா இருக்கும். ஆனால் தொண்டைப் பக்கம் ஏதோ அரைவது தெரியும், செவுள் வழியாகப் பொடி புகைபோல வெளியே வரும். சிக்லிட்களுக்குத் தொண்டைக்குள் இரண்டாவதாக ஒரு தாடை உண்டு. முன்வாய் பிடிப்பதற்கு, உள்வாய் அரைப்பதற்கு. கிராவல் சுமக்கும் வாய் ஒன்று, சாப்பிடும் வாய் ஒன்று.

மே மாதம் தண்ணீர் 32 டிகிரிக்குப் போனது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். மேலே சின்ன ஃபேன் ஒன்றைத் திருப்பி வைத்ததில் இரண்டு டிகிரி இறங்கியது. பதிலுக்கு தினமும் ஒரு குடம் தண்ணீர் ஆவியானது. ஏர் பம்ப்பை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றியதுதான் இந்தக் கோடையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

நாலாவது மாதம் ஒரு காலை, ராஜாவின் வயிற்றில் மாம்பழ நிறத்தில் நாலைந்து செதில் மின்னியது. நோயோ என்று பயந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நோயில்லை. மீன்களில் பெரும்பாலும் ஆண்தான் அலங்காரம் பண்ணிக்கொள்ளும். கான்விக்ட்டில் அந்த ஆரஞ்சு வயிறு பெண்ணுக்கு. ராஜா ராணியானாள். அம்மாவுக்கு மட்டும் ஆச்சரியமே இல்லை. "வீட்டைப் பெருக்குற லட்சணத்தப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்" என்றார்.

போன வாரம் பூந்தொட்டியின் உள்சுவரில் நூற்றுக்கு மேல் முட்டை. ஆண் இல்லாமலே. ஆண் இருந்து கருவுற்றிருந்தால் மூன்று நாளில் பொரித்திருக்கும். இவை இரண்டாம் நாளே பால் வெள்ளையாகி, பஞ்சு பூத்தன. அவள் அப்போதும் நகரவில்லை. மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே, கெட்டதை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றாள். தண்ணீர் மாற்றக் கை விட்டபோது மணிக்கட்டில் கொத்தினாள். வலிக்கவில்லை, ஆனால் கையை எடுத்துவிட்டேன்.

ஒரு ஆண் வாங்கி விடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். விட்டால் மாதத்துக்கு நூறு, இருநூறு குஞ்சு. மலிவு மீனின் குஞ்சைக் கொளத்தூரிலும் வாங்க ஆளில்லை. அதனால் இல்லை. இன்று காலை பார்த்தால் பூந்தொட்டி சுத்தமாகிவிட்டது. அவள் மறுபடி கிராவலை வலது மூலையிலிருந்து இடது மூலைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள்.