சின்ன ஆஸ்பத்திரியில் மருத்துவக் கழிவைப் பிரித்து ஒப்படைப்பது: எங்கள் அனுபவம்

எங்களுடையது 20 படுக்கை ஆஸ்பத்திரி. 75 கிலோமீட்டருக்குள் பல ஆஸ்பத்திரிகளின் மருத்துவக் கழிவை வாங்கி அழிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் சொந்தமாக எரியூட்டி வைக்க 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளில் இடமில்லை. அதனால் முதலில் அந்த நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டு, அந்த நகலோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுமதி கேட்டுப் படிவம் 2 கொடுத்தோம். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு அனுமதி ஒருமுறை வாங்கினால் போதும்.

கஷ்டமெல்லாம் வார்டில்தான். "ரத்தம் பட்டதெல்லாம் மஞ்சள் பை" என்ற பழக்கம் சுலபத்தில் போகாது. பிரிப்பது பொருளைப் பார்த்து. டிரிப் செட், யூரின் பேக், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்சு எல்லாம் ரத்தம் இருந்தாலும் சிவப்பு. பஞ்சு, கட்டுத்துணி, நஞ்சுக்கொடி, காலாவதி மருந்து மஞ்சள். உடைந்த ஆம்பூல், மருந்துக் குப்பி நீலம். மஞ்சள் பை எரிக்கப்படுகிறது. அதற்குள் பிவிசி குழாய் போனால் புகையில் டையாக்சின் என்ற நச்சு வரும். சிவப்புப் பை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கலம்) வெந்து, துண்டாக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகிறது. அதில் கட்டுத்துணி கலந்தால் அந்தப் பிளாஸ்டிக் கெட்டது. சுவரில் ஒட்டிய அட்டவணையை யாரும் படிக்கவில்லை. ஒரு டிரிப் செட் துண்டையும் புதுக் கையுறையையும் சிவப்புத் தொட்டி மூடியிலேயே ஒட்டி வைத்ததும் தவறு வெகுவாகக் குறைந்தது.

ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டவே கூடாது, கையில் குத்துவது அந்த நொடியில்தான். ஊசி வெட்டும் கட்டர் டிராலியிலேயே இருக்கட்டும். வெட்டிய ஊசி, பிளேடு எல்லாம் குத்தினாலும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கு. முக்கால் நிரம்பியதும் மூடி விடுங்கள், வேறு டப்பாவுக்குக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு தொட்டி வரிசைக்கும் பக்கத்தில் சாதாரணக் குப்பைக்கும் ஒரு தொட்டி வேண்டும். இல்லாவிட்டால் நோயாளியோடு வருபவர்களின் சாப்பாட்டுப் பொட்டலம் மஞ்சள் பையில் விழும், எடையும் ஏறும். லேபில் வளர்த்த கிருமிகளை, மஞ்சள் பையில் போடும் முன் அங்கேயே ஆட்டோகிளேவ் செய்தாக வேண்டும்.

கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஞாயிறு நிலையத்து வண்டி வராது என்பதால் சனிக்கிழமை கடைசி நடையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வண்டி வரும் முன் பை பையாக நீங்களே எடை போட்டு, பார்கோடு ஒட்டி, பதிவேட்டில் ஓட்டுநர் கையெழுத்து வாங்குங்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு கேரளம் வந்து அள்ளிப் போனது. கழிவு நம் வாசலைத் தாண்டிய பிறகு எங்கே போனது என்று கேள்வி வந்தால், கையில் இருப்பது அந்தப் பதிவேடு ஒன்றுதான். ஜூன் 30க்குள் வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கையான படிவம் 4-க்கான கணக்கும் அதிலிருந்தே வரும். 5 ஆண்டுக்குப் பத்திரமாக வையுங்கள்.