“கார்டு போட்டுடவா?”

“மேடம், மெக்கான்கியில ஒண்ணும் வரல. பிளட் அகார்ல மட்டும் இருக்கு. கார்டு போட்டுடவா?”

“போடு.”

ஆய்வகத்தில் என்னிடம் வேலை செய்யும் பெண் கேட்டதும் நான் சொன்னதும் இவ்வளவுதான். மெக்கான்கி, பிளட் அகார் இரண்டும் கிருமி வளர்க்கும் தட்டுகள்; கார்டு என்பது கிருமியின் பெயரைக் கண்டுபிடிக்கும் தானியங்கிக் கருவியில் போடும் சோதனை அட்டை. அந்த நேரத்தில் கையில் என்னென்ன இருந்தன என்று திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். நோயாளியின் இரத்த வளர்ப்புக் குப்பி, உள்ளே கிருமி வளர்கிறது என்று சிக்னல் கொடுத்தது நான்காம் நாள். சாயமேற்றிப் பார்க்கும் கிராம் ஸ்மியரில் மங்கலான, மிகச் சிறிய, பொடிமணல் தூவியதுபோன்ற கிராம் நெகட்டிவ் காக்கோபேசில்லை (உருண்டைக்கும் குச்சிக்கும் இடைப்பட்ட வடிவப் பாக்டீரியா). முதல் பார்வைக்குச் சாயக் கசடு போலத்தான் இருந்தது. சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தை 30 விநாடியில் கழுவிவிட்டால் அப்படித்தான் தெரியும். இந்த வகைக்கு இரண்டு நிமிடமாவது விட வேண்டும். மறுபடி சாயமேற்றச் சொன்னேன், அது சரி. பிளட் அகாரில் 24 மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், 48 மணி நேரத்தில் குண்டூசித் தலையளவு, ஹீமோலிசிஸ் (இரத்தச் சிதைவு) இல்லாத காலனிகள். நொதிச் சோதனைகளில் ஆக்சிடேஸ் பாசிட்டிவ். கேட்டலேஸ் பாசிட்டிவ்.

கால்நடையிலிருந்தும் காய்ச்சாத பாலிலிருந்தும் மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா என்று சந்தேகிக்க இது போதும். தட்டை டேப் ஒட்டி மூடி, உயிரிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் கொண்டுபோய், யூரியா ஸ்லாண்ட் (யூரியேஸ் நொதிக்கான சோதனைக் குழாய்) மட்டும் போட்டு, மீதியை ரெஃபரன்ஸ் ஆய்வகத்துக்கு விட்டுவிடும் இடம் அது. கார்டுக்காகக் கிருமியை மெக்ஃபார்லண்ட் 0.5 என்ற கலங்கல் அளவில் கரைத்து, திறந்த மேசையில் வோர்டெக்ஸ் கருவியில் வேகமாகச் சுழற்றும் இடம் அல்ல. கேட்டலேஸ் கூட மேசையில்தான் நடந்திருந்தது. பெராக்சைடு சொட்டில் குமிழி உடையும்போதெல்லாம் நுண்துளி தெறிக்கும். மூச்சுவழி போனால் 10 முதல் 100 கிருமிகளே போதும்.

படிவத்தில் “காய்ச்சல்” என்று ஒரு சொல்தான் இருந்தது. கால்நடை, காய்ச்சாத பால் என்று எதுவும் இல்லை. இதை என் பக்க நியாயமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் படிவம் சொல்லாததைத் தட்டு சொல்லியிருந்தது.

கருவி தந்த பெயர் ஆக்ரோபேக்ட்ரம் ஆந்த்ரோபி, நல்ல நம்பகச் சதவீதத்தோடு. தன் தரவுத்தொகுப்பில் இல்லாத கிருமிக்கு அது பல நேரம் மிக நெருங்கிய பெயரைத்தான் தரும்; புருசெல்லாவும் ஆக்ரோபேக்ட்ரமும் மரபணு அளவிலேயே நெருங்கியவை. ஆனால் ஆக்ரோபேக்ட்ரம் மெக்கான்கியில் வளரும், நகரும். மெக்கான்கி காலியாக இருப்பதைச் சொல்லித்தானே கேள்வியே தொடங்கியது! மால்டி-டாஃப் (புரதங்களை வைத்துக் கிருமியை அடையாளம் காணும் கருவி) இருந்தாலும் இதே சிக்கல்தான்: பல வழக்கமான லைப்ரரிகளில் புருசெல்லா இருக்காது, காலனியை நேரடியாக அதன் உலோகத் தட்டில் தடவுவதும் ஆபத்து, முதலில் எத்தனாலில் செயலிழக்கச் செய்து, பிறகு ஃபார்மிக் அமிலத்தால் பிரித்தெடுக்க வேண்டும்.

மாலையில் யூரியா ஸ்லாண்ட் இளஞ்சிவப்பானது. சில திரிபுகளில் இது நிமிடங்களிலேயே நடக்கும், சிலவற்றுக்கு ஒரு நாள் ஆகும். ரெஃபரன்ஸ் ஆய்வகத்தின் பிசிஆர் (மரபணுச் சோதனை) புருசெல்லாதான் என்று உறுதி செய்தது. அன்று அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் முன்னெச்சரிக்கையாக டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இருமுறை, ரிஃபாம்பிசின் 600 மி.கி. ஒருமுறை, 21 நாள். 6, 12, 18, 24 வாரங்களில் சீரம் பரிசோதனை. எல்லாமே நெகட்டிவ். அதில் எனக்கு நிம்மதி வரவில்லை. நல்ல முடிவு வந்ததால் “போடு” சரியாகிவிடாது. எதுவுமே நடக்காததால், அந்தச் சொல்லை யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

இப்போது மெதுவாக வளர்ந்து, மெக்கான்கியில் வராமல், ஆக்சிடேஸ் பாசிட்டிவாக இருக்கும் காக்கோபேசில்லை எதுவானாலும் வேலையை நிறுத்தச் சொல்கிறேன். போன வாரம் ஒன்றை நிறுத்தினோம். யூரியேஸ் 24 மணி நேரமாகியும் நிறம் மாறவில்லை, கடைசியில் மொராக்செல்லா, இந்த ஆபத்து இல்லாத வேறொரு கிருமி. அறிக்கை ஒரு நாள் தாமதம். வார்டிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. மறுநாள் அதே பெண் வேறொரு தட்டோடு வந்து நின்றாள்.

“மேடம், இதையும் நிறுத்தணுமா?”

தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உடனே பதில் சொல்ல முடியவில்லை.