அப்பாவின் கணக்கைத் திறக்க எக்ஸ்பி

அப்பாவின் பழைய கடைக் கணக்கு முழுக்க ஒரு 16-பிட் மென்பொருளில் இருக்கிறது. 64-பிட் விண்டோஸ் 7 அதைத் தொடவே தொடாது. அதனால் 7-ஐ அழிக்காமல், பக்கத்திலேயே, 16-பிட் மென்பொருளை ஓட்டத் தெரிந்த பழைய 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பியையும் போட்டேன்.

7-இன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எக்ஸ்பிக்கு 30 ஜிபி ஒதுக்கியது சுலபம். எக்ஸ்பி சிடியைப் போட்டதும் நீலத் திரை. பிழை எண்ணின் முடிவில் 7பி. ஏ.எச்.சி.ஐ. என்ற புதிய இணைப்பு முறையில் ஓடும் டிஸ்க்கை எக்ஸ்பிக்குத் தெரியாது. அதை அடையாளம் காட்டும் டிரைவரை, விண்டோஸ் சிடியைத் திருத்தும் என்லைட் மென்பொருளை வைத்து சிடிக்குள்ளேயே சேர்த்து, புதிதாக எழுதிய பிறகுதான் டிஸ்க் கண்ணில் பட்டது.

போட்டு முடித்தால் 7 காணோம்! வயிறு கலங்கிவிட்டது. ஆனால் ஃபைல்கள் எல்லாம் பத்திரம். கணினியைத் தொடங்கிவைக்கும் 7-இன் பூட் கோடுக்கு மேலே எக்ஸ்பி தன் பழைய கோடை எழுதிவிடுகிறது, அவ்வளவுதான். 7 டிவிடியில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பூட்செக்ட் /என்டி60 ஆல்' கொடுத்தேன். 7 திரும்பியது. பிறகு ஈசிபிசிடி என்ற மென்பொருளில், தொடங்கும்போது வரும் விண்டோஸ் பட்டியலில் எக்ஸ்பியையும் சேர்த்தேன்.

ஒன்று மட்டும் கவனம்: எக்ஸ்பி ஓடும்போது 7-இன் ரீஸ்டோர் பாயின்ட்கள் (பழைய நிலைக்குத் திரும்ப அது சேமித்து வைப்பவை) அழிந்துவிடும். பேக்கப் எடுக்காமல் இறங்காதீர்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்பு அப்டேட்டும் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், அதில் நெட் கேபிளைச் செருகுவதே இல்லை.

நேற்று அப்பாவை உட்கார வைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, மவுஸைத் தொடாமல், எஃப்3 தட்டி நேராகத் தீபாவளிக் கடன் பக்கத்துக்குப் போய்விட்டார்.