விழுங்கிய சொல்

நவம்பர் 4

மூன்றாவது நாளாக மூட்டம் விலகவில்லை. துவைத்த துணியெல்லாம் அடுப்படியில்தான் காய்கிறது. வெளியே போக வழியில்லாததால் முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டேன். கதாநாயகிக்குப் பதினாறு வயது, ப்ளஸ் ஒன், கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறைப் பெண். மற்றவர்களுக்குப் புலப்படாதது அவளுக்குப் புலப்படும். அதை வைத்து மர்மங்களை அவிழ்ப்பாள். ஐந்து கதையாவது எழுத வேண்டும் என்று ஆசை.

அண்ணன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவளுக்கும் பதினாறுதான். ஒரு தட்டு ரஸ்க் காலியாகும்வரை படித்தாள்.

"அத்தை, இவ எங்க ஹெச்.எம். மாதிரி பேசுறா."

இரண்டாம் பக்கத்திலேயே "மனித மனம் ஆழம் காண முடியாத கிணறு" என்கிறாள் என் நாயகி. வயதுக்கு மீறிய பக்குவம் என்றால் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருக்கிறேன். ஒன்பது பக்கத்தில் ஆறு பக்கம் அடிபட்டது.

நவம்பர் 5

பெயரும் போயிற்று. சுகந்தி என்று வைத்திருந்தேன். "அது எங்க அம்மா செட்டு பேரு" என்றாள். அவள் வகுப்பில் மட்டும் மூன்று பவித்ராவாம். சரி, பவித்ரா.

நவம்பர் 9

அவளுக்கு என்ன சக்தி என்பதில் இரண்டு நாள் போனது. கனவில் தெரிவது, பொருளைத் தொட்டால் தெரிவது, எதுவும் ஒத்துவரவில்லை. தொட்டதும் கொலைகாரன் முகம் தெரிந்துவிட்டால் அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது?

சின்ன வயதில் பாட்டி என்னை மலைக்குக் கீழே ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போனார். உடுக்கையை எடுப்பதற்கு முன்னாலேயே அவர் ஊர், பங்காளிச் சண்டை, மாடு செத்தது என்று பாட்டியிடம் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். பிறகு அதையே குறியாகச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் "பிட்டுப் பிட்டு வச்சாரே" என்று பாட்டிக்கு வியப்பு. எனக்குப் பத்து வயது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதிலிருந்துதான் பிடித்தேன். ஒருவர் சொல்ல வந்து விழுங்கிய சொல் பவித்ராவுக்குக் கேட்கும். அவ்வளவுதான், வேறு எதுவும் கேட்காது. விழுங்கிய சொல் உண்மையாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. மகனைப் பறிகொடுத்த தாய் "நான்தான் கொன்னேன்" என்று விழுங்குகிறாள். அன்று அவனைக் கடைக்கு அனுப்பியது அவள், அதற்காக. இதைக் கேட்டதும் இன்ஸ்பெக்டரிடம் ஓடுகிறவள் குழந்தை. பவித்ரா ஓட மாட்டாள்.

நவம்பர் 14

இந்தப் பெண்ணை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று பூண்டு உரிக்கும்போது பிடிபட்டது. தோழி!

சங்க காலக் குறிஞ்சிப் பாட்டுகளில் தலைவி காதலால் மெலிந்துபோவாள். அன்னை பயந்து முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட, அதாவது சாமியாடச் செய்வாள். அவன் கழங்குக் காய்களை உருட்டிக் குறி பார்த்து, முருகன் பிடித்திருக்கிறான் என்பான். ஆட்டுக்குட்டியின் உயிர் போகும். உண்மைக் காரணம் தெரிந்தவள் தோழி. அவளும் இந்த வயதுக்காரியாகத்தான் இருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்து, காரியம் கைமீறும்போது மட்டும், அதுவும் வளர்த்த தாயான செவிலியிடம் மட்டும் சொல்வாள். செவிலி பெற்றவளான நற்றாய்க்குச் சொல்வாள், நற்றாய் தந்தைக்கு. அறத்தொடு நிற்றல் என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு இது ஒன்றும் உறைக்கவில்லை.

குறி சொல்லும் வேலனுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். பூம்பாறைக் கோவிலில் இருப்பதும் குழந்தை வேலப்பர்தான். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

நவம்பர் 21

இன்று அண்ணி வந்து ஒரு விஷயம் சொன்னார். அவருடைய செயினை அண்ணன் ஆடியிலேயே அடகு வைத்திருக்கிறார். துவைக்கப் போட்ட சட்டைப் பையில் சீட்டைப் பார்த்தவள் மகள். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்கு மட்டும் "எனக்கு பஸ்ல வாந்தி வரும்" என்று பெயர் கொடுக்காமல் இருந்துவிட்டாள். மலையிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு வாந்தியாம்! மூன்று மாதம் கழித்து அப்பாவிடம் தனியாகச் சொல்லியிருக்கிறாள்: "பொங்கலுக்கு அம்மா செயினைக் கேப்பாங்கப்பா. அதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க."

அவர் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அதே பெண் போன் சார்ஜருக்காகத் தம்பியின் முதுகில் நாலு வைத்தாள். இதையும் பவித்ராவுக்குக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சாமி சிலையாகிவிடுவாள்.

நவம்பர் 27

சக்தி வழி காட்டலாம், ஆனால் சாட்சி கையில் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். கதையில் பவித்ரா துப்பறிவது 1987இல் நடந்த ஒரு சாவை. காலை ஒன்பது மணிக்கு ஒன்றுமே தெரியாத பனி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் வந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். அன்று காலை எடுத்த படத்தில் சூரியன் பளிச்சென்று இருந்தால் அவர் பொய் அம்பலம்.

துள்ளிக் குதித்தேன். அண்ணன் மகள் கேட்டாள்: "மேட்டுல வெயில் அடிச்சா பூம்பாறையில பனி இருக்காதா அத்தை?"

இருக்கும். தினம் பார்ப்பதுதானே! சாவைத் தூக்கி அப்சர்வேட்டரி ரோட்டுக்கே கொண்டுவந்தேன். கொன்றது யார் என்று இங்கே எழுத மாட்டேன்.

டிசம்பர் 3

கடைசிக் காட்சி முடிந்தது. சாட்சி விசாரணைக்குப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும் என்பது சட்டம். அதனால் இன்ஸ்பெக்டர் பூம்பாறை வீட்டு அடுப்படிக்கு வருகிறார். தலைக்கு மேலே மலைப்பூண்டு கொத்துக் கொத்தாகப் புகையில் தொங்குகிறது. பவித்ரா பாட்டிக்குக் காபி ஆற்றியபடியே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். கிளம்பும்போது ஒரே ஒரு கேள்வி: "சார், அன்னிக்கு எடுத்த படத்தை யாராவது பாத்தாங்களா?" அந்தத் தாய் விழுங்கியதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அண்ணன் மகள் படித்து முடித்தாள்.

"அந்தச் செயின் மேட்டர் கதையில வராதுல்ல?"

"வராது. டைரியில எழுதிட்டேன்."

"அது பரவால்ல, அப்பா அதெல்லாம் படிக்க மாட்டாரு." பிறகு பென்சிலை எடுத்து, நாலாம் பக்கத்தில் நான் தப்பாகப் போட்டிருந்த பூம்பாறை பஸ் நேரத்தைத் திருத்தினாள்.