மெத்தையிலிருந்து மணல் டப்பா வரை: மிளகுவின் 46 நாள் குறிப்பு

நாள் 1

தூக்கத்தில் போர்வையை இழுத்தேன், கை ஈரத்தில் பட்டது. கால்மாட்டில் என் பூனை மிளகு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. "ரெண்டு நாள் விட்டுட்டுப் போயிட்டல்ல, அதான் பழிவாங்குது" என்றாள் அம்மா. நானும் நம்பினேன். நன்றாகக் கத்தினேன். அது கட்டிலுக்கடியில் போய்ப் பதுங்கியது. அன்றைய சாதனை அவ்வளவுதான்.

நாள் 2

பழைய நோட்டு ஒன்றில் நான்கு கட்டம் போட்டேன்: இடம், நேரம், அளவு, நின்றபடியா உட்கார்ந்தா. நான்காவது கட்டம்தான் முக்கியம். வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு சுவரில் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. குந்தி உட்கார்ந்து தரையிலோ துணியிலோ போனால் அது சாதாரண உச்சா. மிளகு நான்கு வயதுப் பெண், கருத்தடை ஆகிவிட்டது, போவதும் குந்தித்தான். எல்லைத் தகராறு இல்லை என்று அதை அடித்துவிட்டேன்.

நாள் 3

சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எட்டுக்குள் ஐந்து தடவை மணல் டப்பாவுக்குப் போனது. குழி பறிக்கிறது, உட்காருகிறது, நெடுநேரம் அப்படியே இருக்கிறது. வெளியே வந்து பின்பக்கத்தை நக்குகிறது. உள்ளே பார்த்தால் நாணயம் அளவு ஈரம். ஐந்தாம் தடவை உட்கார்ந்தபடியே அடிக்குரலில் முனகியது. முந்தாநாள் நான் கத்திய கத்தல் ஞாபகம் வந்தது. பழியும் இல்லை ஒன்றும் இல்லை, அதற்கு வலிக்கிறது.

நாள் 4

டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே சீறியது. சிறுநீர்ப்பையிலிருந்து ஊசியால் எடுத்துப் பரிசோதித்தார்: ரத்தம் கொஞ்சம், கிருமி இல்லை, படிகமும் இல்லை. "இந்த வயசுப் பூனைக்குக் கிருமித் தொற்று குறைவுங்க. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சிதான் அதிகம். மனஅழுத்தம் இருந்தா கிளம்பும்" என்றார். ஆன்டிபயாடிக் தரவில்லை. வலிக்கு மருந்து, ஈரமான உணவு, நிறைய தண்ணீர். வீட்டில் மூன்று இடத்தில் கிண்ணம் வைத்தேன். மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் யாரும் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

ஆண் பூனை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. முக்குகிறது, எதுவும் வரவில்லை என்றால் நோட்டுப் போட்டு உட்காராதீர்கள். ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். ராத்திரியானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நாள் 9

நோட்டு சொல்வது: ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நல்ல அளவு. வலி தீர்ந்தது. ஆனால் மூன்றில் இரண்டு கால்மிதியில்! வலித்த இடம் என்று டப்பாவை மனதில் குறித்து வைத்திருக்கிறது போல.

நானும் மண்டியிட்டு டப்பாவைப் பார்த்தேன். போன மாதம்தான் புதிதாக வாங்கியது. மூடி போட்டது, வாசனை மணல், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து மூலை. எல்லாம் எனக்கு வசதி. மூடிக்குள் தலையை விட்டேன். செயற்கைப் பூ வாசனையும் அமோனியாவும் சேர்ந்து கண்ணைக் கரித்தது. நானாக இருந்தாலும் கால்மிதிக்குத்தான் போயிருப்பேன்.

நாள் 10

விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு புறஊதா டார்ச் அடித்தேன். நான் துடைத்துவிட்டதாக நினைத்த இடமெல்லாம் மஞ்சள் பச்சையாக மின்னியது. மெத்தையில் இரண்டு, கால்மிதிக்கு அடியில் ஒன்று, சோபா காலடியில் ஒன்று. சோப்புக் கறையும் மின்னும் என்பதால் ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டியிருந்தது. நடு ராத்திரியில் நான் தரையை மோந்துகொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை, விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நாள் 11 முதல் 14

இதுவரை ப்ளீச் போட்டுத் துடைத்தது முட்டாள்தனம். மூத்திரத்தில் இருக்கும் அமோனியாவோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும். பினாயில் வகையும் பூனைக்கு ஆகாது. தண்ணீரில் யூரிக் அமிலப் படிகம் சரியாகக் கரைவதில்லை, அதனால்தான் காய்ந்த கறை ஈரக்காற்று பட்டதும் திரும்ப நாறுகிறது. அதை உடைக்க என்சைம் கிளீனர் வேண்டும். தெளித்து உடனே துடைத்தால் வேலைக்காகாது. மேலே எவ்வளவு நனைந்ததோ அதைவிட ஆழமாக ஊற வேண்டும், சீக்கிரம் காயவும் கூடாது. மெத்தையில் ஊற்றி, பிளாஸ்டிக் தாள் மூடி, ஒரு ராத்திரி விட்டேன். இரண்டு சுற்று ஆனது.

நாள் 15

தூங்கும்போது அளந்தேன்: மூக்கிலிருந்து வால் அடி வரை 45 செ.மீ. டப்பா இதில் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், அதாவது 67.5 செ.மீ. என் டப்பா 40. திரும்பக்கூட இடமில்லை.

துணி வைக்கும் 70 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து முன்பக்கம் வாசல் வெட்டினேன். முதல் பெட்டி கத்தி வைத்ததும் மூலை வரை பிளந்துபோனது. இரண்டாவதில் வாசலின் இரண்டு கீழ் மூலையிலும் முதலில் துளை போட்டுவிட்டு ரம்பத்தால் அறுத்தேன். விரிசல் துளையோடு நின்றது. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்தேன், பாதத்தைக் கிழிக்கக் கூடாதே.

பழைய டப்பாவின் மூடியைக் கழற்றி, வாசனை மணலோடு இடதுபக்கம் வைத்தேன். புதுப் பெட்டி, மெல்லிய வாசனையில்லாத கட்டியாகும் மணலோடு வலதுபக்கம். இரண்டும் கால்மிதி இருந்த இடத்தில்.

நாள் 22

ஏழு நாள் கணக்கு: வலதில் 17, இடதில் 1, வெளியே 1. பக்கம்தான் பிடித்திருக்கிறதோ என்று நடுவில் இடம் மாற்றியும் பார்த்தேன், புதுப் பெட்டியைத்தான் தேடிப் போனது. பெட்டி பெரிதானதாலா, மணலாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் ஒன்றாக மாற்றியது என் தவறு. சரியாகிவிட்டால் யாருக்கு அந்தக் கவலை.

நாள் 27

அவசரப்பட்டேன். நடைவழியில் பெட்டி இடிக்கிறது என்று அம்மா முணுமுணுக்க, ஒரே தூக்கில் பழைய மூலைக்குக் கொண்டுபோனேன். மிளகு உள்ளே போய்ப் பறித்து உட்கார்ந்த நேரம் பார்த்து வாஷிங் மெஷின் கடைசிச் சுழற்சியில் உறுமியது. மணல் பறக்க ஒரே பாய்ச்சல். ராத்திரி மெத்தை ஈரம்.

இந்தத் தடவை கத்தவில்லை. பெட்டியை நடைவழிக்கே கொண்டுவந்தேன். மறுநாளிலிருந்து தினம் ஒரு சாண், மெஷின் பக்கம் அல்ல, புத்தக அலமாரிப் பக்கம்.

நாள் 46

அலமாரி அருகில் வந்து சேர்ந்தாயிற்று. மெத்தை 19 நாளாகக் காய்ந்திருக்கிறது. விதி பூனை எண்ணிக்கையைவிட ஒரு டப்பா கூடுதல் என்பதால் மாடியில் இன்னொரு பெட்டி, அதற்கும் அதே துளை, அதே ரம்பம். காலையும் ராத்திரியும் கட்டியை அள்ளுகிறேன்.

இப்போதைய புகார் அம்மாவிடமிருந்து: மணல் சமையலறை வரை வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்குச் சரக் சரக் என்று பறிக்கும் சத்தம் கேட்டால் படுத்தபடியே எண்ணுகிறேன். நேற்று பதினொரு தடவை பறித்தது.