வெறும் பானையும் புது அடுப்பும்: ஆன் ஆர்பர் நாட்குறிப்பு 2008

ஆகஸ்ட் 30, 2008, சனி

அமெரிக்கக் கால்பந்து சீசன் தொடங்கியது. எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்கு முதல் ஆட்டமே தோல்வி. யூட்டா 25, மிச்சிகன் 23. ஒரு கட்டத்தில் 25-10 என்று கிடந்தோம். அங்கிருந்து எழுந்து வந்து, டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில், சமன் செய்ய வேண்டிய அந்த ரெண்டு பாயின்ட் முயற்சியில் கோட்டை விட்டோம். திரும்பி வரும்போது காரில் மச்சான் வாயே திறக்கவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். நான் படித்த அதே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எனக்கு ஐந்து வருடம் முன்னால் படித்தவர். ஊரில் கிரிக்கெட் தவிர எதையும் பார்க்காத எனக்கு இந்த அமெரிக்கக் கால்பந்தைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ரெண்டு சீசன் டிக்கெட், பக்கத்துப் பக்கத்து இடம்.

இந்த வருடம் எல்லாமே புதுசு. பதின்மூன்று சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த லாயிட் கார் ஓய்வு பெற்றுவிட்டார். வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து ரிச் ராட்ரிகஸ் வந்திருக்கிறார். நாலு வருடம் பந்தை எறிந்த சாட் ஹென்னி இல்லை, ஓடிய மைக் ஹார்ட் இல்லை. முன்னால் நின்று தடுத்த ஜேக் லாங்கை, தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, மயாமி டால்ஃபின்ஸ் முதல் ஆளாக எடுத்துக்கொண்டது. பந்து பிடிக்கும் மானிங்ஹாமும் ஆரிங்டனும் படிப்பு முடியும் முன்பே தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த குவார்ட்டர்பேக் (பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) என்று நம்பியிருந்த ரயன் மாலட் ஆர்கன்சாவுக்கு மாறிவிட்டான். இன்று தொடக்கத்தில் பந்தை வாங்கியவன் நிக் ஷெரிடன். உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து அணியில் சேர்ந்த பையன்.

செப்டம்பர் 27, சனி

தொண்டை கட்டிவிட்டது. தேசியத் தரவரிசையில் ஒன்பதாம் இடத்திலிருக்கும் விஸ்கான்சினை 27-25 என்று வென்றோம். பாதி ஆட்டத்தில் 0-19. கொத்துக் கொத்தாக எழுந்து போனார்கள். மச்சான் என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஸ்டீவன் த்ரீட் ஓடிய அந்த 58 கெஜத்தை எழுதி வைக்க வேண்டும். ராட்ரிகஸின் முறைக்கு ஸ்ப்ரெட் என்று பெயர். ஆட்களை அகலமாகப் பரப்பி நிறுத்துவார்கள். எதிரணியின் ஓரத்து ஆள் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டுவிடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தைப் பக்கத்தில் ஓடுபவனின் வயிற்றில் வைத்தபடியே அந்த ஓரத்து ஆளைப் பார்க்க வேண்டும். அவன் உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு தானே ஓட வேண்டும்; பாயாமல் நின்றால் கொடுத்துவிட வேண்டும். கண் இமைக்கும் நேரத்து முடிவு. த்ரீட் நெட்டையன், நின்று எறிகிற வகை, ஓட்டக்காரனே இல்லை. ஆனாலும் விஸ்கான்சின் ஆள் ஏமாந்து உள்ளே போனான், இவன் உருவிக்கொண்டு ஓடினான், ஓடிக்கொண்டே இருந்தான். முறை சரிதான் என்று எனக்கு அந்த நொடியில் பட்டது. அதற்குத் தோதான ஆள்தான் நம்மிடம் இல்லை.

அக்டோபர் 11, சனி, இரவு

டொலீடோ 13, மிச்சிகன் 10.

மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் என்ற சிறிய அணிகளின் குழுவைச் சேர்ந்தது டொலீடோ. அந்தக் குழுவின் அணி எதனிடமும் மிச்சிகன் இதற்கு முன் தோற்றதில்லை. 24 ஆட்டம், 24 வெற்றி. டொலீடோ இங்கு வரும்போது ஐந்தில் ஒன்றுதான் ஜெயித்திருந்தது. நாம் எறிந்த பந்தை அவர்கள் ஆள் பறித்து நூறு கெஜம் ஓடிப் போய் டச்டவுன் வைத்தான். கடைசி நொடிகளில் நம் உதைப்பாளன் கே.சி. லோபாட்டா 26 கெஜ ஃபீல்ட் கோலை (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று பாயின்ட் எடுப்பது) தவறவிட்டான். அது போயிருந்தால் கூடுதல் நேரம்.

எனக்குப் பின் வரிசையில் ஒருவர் லோபாட்டாவைக் கேட்கக்கூடாத வார்த்தையால் திட்டினார். பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் பக்கவாட்டுக் கோட்டருகே நின்றுகொண்டிருந்தான். யாரும் கிட்டே போகவில்லை. பிறகு ஒருவன் போய் முதுகில் கை வைத்தான், எண் தெரியவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

மச்சான் வீட்டில் மதியச் சாப்பாடு. வத்தக்குழம்பு ஊற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"லாயிட் கார் வெறும் பானையை வெச்சிட்டுப் போனாரு மாப்ளே. இவரு எதை வெச்சு சமைப்பாரு?"

"பானை வெறும் பானை இல்ல மச்சான். இருந்த அரிசிய விட்டுட்டு, புது அடுப்புக்கு இதெல்லாம் ஆகாதுன்னுட்டாரே. கையில இருக்கற ஆளுக்கு ஏத்த மாதிரி ஒரு வருஷம் ஆடிருக்கலாம்ல?"

மானிங்ஹாமும் மாலட்டும் போனதற்கு ராட்ரிகஸ் என்ன செய்வார் என்றார் அவர். நியாயம். லாயிட் காரின் கடைசி ஆட்டத்தில் ஃப்ளோரிடாவை 41-35 என்று வென்ற அணிதானே என்றேன் நான். அதுவும் நியாயம். சாப்பிட்டு முடிக்கும்வரை ரெண்டு நியாயமும் மோதிக்கொண்டே இருந்தன.

பிறகு மச்சான் மிச்சிகனின் பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரை இழுத்தார். 1969-இல் அவர் வெளியிலிருந்து வந்தபோது கொடுத்த கடும் பயிற்சியில் எத்தனையோ பேர் ஓடிப்போனார்கள், "தங்கி நிற்பவர்கள் சாம்பியன்கள் ஆவார்கள்" என்று சொல்லி வைத்தார், அதேபோல்தான் ராட்ரிகஸும் என்று. இந்த ஒப்பீடு ஊர் முழுக்க ஓடுகிறது. எனக்கு இது ஒத்துவரவில்லை, ஏன் என்று எழுதுகிறேன்.

போ ஷெம்பெக்லர் முதல் வருடமே பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை 24-12 என்று வீழ்த்தினார். உண்மை. ஆனால் அந்த அணியைச் சேர்த்து வைத்தவர் அவருக்கு முன் இருந்த பம்ப் எலியட். அவருடைய கடைசி வருடமான 1968-இல் மிச்சிகன் 8 வெற்றி, 2 தோல்வி. போவுக்குக் கிடைத்தது நிறைந்த பானை. அன்றைய வெற்றிக்குப் பிறகு ஆட்டப் பந்தை பம்ப் எலியட் கையில்தான் கொடுத்தார்கள். பழைய ஆள் சேர்த்தது, புது ஆள் சமைத்தது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதைச் சொன்னதும் மச்சான் கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வெற்றியில பழைய கோச்சுக்குப் பங்கு உண்டுன்னா, தோல்வியிலயும் உண்டுதானே மாப்ளே?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. இருவர் கணக்கிலும் எழுதலாம். ஆனால் நேற்று பின் வரிசைக்காரர் எழுதியது லோபாட்டாவின் கணக்கில். அது மட்டும் தப்பு.

அக்டோபர் 25, சனி

மிச்சிகன் ஸ்டேட்டிடம் 35-21. அவர்கள் நம்மை வென்றது 2001-க்குப் பிறகு இதுதான் முதல் முறை. எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் அந்தப் பல்கலைக்கழகம். திங்கட்கிழமையை நினைத்தாலே கசக்கிறது.

நவம்பர் 1, சனி

பர்டூ 48, மிச்சிகன் 42. ஏழாவது தோல்வி. 1975-இலிருந்து ஒரு வருடம் தவறாமல் 33 முறை பௌல் ஆட்டத்துக்கு (சீசன் முடிந்தபின் நல்ல அணிகளுக்கு மட்டும் கிடைக்கும் ஆட்டம்) போன அணி, இந்த வருடம் போக முடியாது. 1967-க்குப் பிறகு தோல்விக் கணக்கில் முடியும் முதல் சீசன். நான் பிறப்பதற்கு முன் தொடங்கிய ஒரு சங்கிலி இன்று மாலை என் வீட்டு டிவியில் அறுந்தது.

மச்சான் போன் செய்தார். 42 பாயின்ட் அடித்தோமே, தோதான ஆள் வந்தால் இந்த அடுப்பு எரியும் என்றார். 48 விட்டோமே என்றேன். தாக்குதல் முறை மாறியது, தடுப்பாட்டம் ஏன் சரிந்தது? நம் தடுப்பாட்டப் பக்கம் அனுபவசாலிகள் நிறையப் பேர் இருந்தார்கள். இந்தக் கேள்விக்கு வெறும் பானைக் கதை போதாது. இதை மச்சானும் ஒத்துக்கொண்டார்.

நவம்பர் 8, சனி

மினசோட்டாவில் 29-6 என்று வென்றோம். ஷெரிடன்தான் தொடக்கத்திலிருந்து ஆடினான், நிதானமாக எறிந்தான். லோபாட்டா ஐந்து ஃபீல்ட் கோல் அடித்தான், பல்கலைக்கழகச் சாதனைக்குச் சமம். ஐந்தாவது உள்ளே போனபோது நான் எழுந்து நின்று கத்தினேன். மகள் பயந்துபோய் அம்மாவிடம் ஓடினாள்.

டொலீடோவன்று திட்டியவர் இதைப் பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

நவம்பர் 15, சனி

நார்த்வெஸ்டர்ன் 21, நாம் 14. இறுதியாண்டு மாணவர்களுக்கு சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். வேறொரு பயிற்சியாளரின் வார்த்தையை நம்பி வந்த பிள்ளைகள். பெற்றோர் கையைப் பிடித்து ஒவ்வொருவனாக நடந்து வந்தபோது மச்சான் கைதட்டிக்கொண்டே இருந்தார், கடைசிப் பையன் வரும்வரை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டினார், சத்தம் கேட்க வேண்டும் என்று.

நவம்பர் 22, சனி

கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 42-7 என்று தோற்றோம். 3 வெற்றி, 9 தோல்வி. எழுத எதுவுமில்லை.

ஜனவரி 2, 2009, வெள்ளி

ஷுகர் பௌலில் யூட்டா அலபாமாவை 31-17 என்று அடித்தது. பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்றும் வெற்றி. இந்த சீசனில் ஒரு தோல்வியும் காணாத அணி.

நள்ளிரவு தாண்டி மச்சான் போன்.

"பாத்தியா மாப்ளே?"

"பார்த்தேன் மச்சான்."

"இவங்ககிட்ட நாம ரெண்டு பாயின்ட்ல தோத்தோம். ஷெரிடனையும் த்ரீட்டையும் வெச்சுக்கிட்டு."

இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுத்த வருட டிக்கெட்டுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று கேட்டார்.