கோப்பு இருக்கு, இல்லேங்குது

அக்டோபர் 30
"நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி." ஸ்கிரிப்ட் அங்கேயேதான் கிடக்கு. எல்எஸ் காட்டுது, கேட் திறந்து வாசிக்குது. அதை ஓட்ட வேண்டிய மேக் (பில்ட் கட்டளைகளை வரிசையா ஓட்டுற கருவி) மட்டும் இல்லேங்குது.

அக்டோபர் 31
சங்கதி முதல் வரியில. விண்டோஸில் திருத்தின கோப்பு, எந்த நிரலை வச்சு ஓட்டணும்னு சொல்ற ஷிபாங் வரியின் வாலில் ஒரு கேரேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கிற எழுத்து) ஒட்டியிருக்கு. இயங்குதளத்தோட மையமான கெர்னல் தேடினது எஸ்ஹெச்சை (கட்டளைகளை ஓட்டுற ஷெல்) இல்ல. வாலில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தோட உள்ள வேற ஒரு பேரை. அப்படி ஒண்ணு எங்கயும் கிடையாது. திரும்பி வர்றது ஈநோஎன்ட்ங்கற "இல்ல" பிழை, வெறும் எண் 2. எது இல்லைன்னு சொல்ல அந்த எண்ணுக்குள்ள இடம் ஏது? மேக் தன் கையில உள்ள ஒரே பேரை, ஸ்கிரிப்ட் பேரை, ஒட்டி அச்சடிச்சிடுது. பழைய பாஷ் ஷெல்லாவது "பேட் இன்டர்பிரட்டர்"னு காட்டிக் கொடுக்கும். உபுண்டு லினக்ஸில் எஸ்ஹெச்னா டாஷ்ங்கற ஷெல். அது "நாட் ஃபவுண்ட்"டோட வாயை மூடிக்கும்.

வரி முடிவை மாத்துற டாஸ்2யூனிக்ஸ் ஒரு தடவை ஓட்டினா சரியாகும். ஆனா கிட்டோட (கோப்பு மாற்றங்களைச் சேர்த்து வைக்கிற கருவி) கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் எஸ்ஹெச் கோப்புகளுக்கு இஓஎல் எல்எஃப்னு (வரி முடிவு யூனிக்ஸ் முறையில) எழுதி வைக்காட்டி, அடுத்த தடவை கோப்பை வெளிய எடுக்கிற செக்அவுட்டில் திரும்ப வரும்.

நவம்பர் 1
குமரி தமிழ்நாட்டோட சேர்ந்த இணைப்பு நாள், மாவட்டத்துக்கு லீவு. பேய் மழை. மெஷின் தொடல.

நவம்பர் 2
கட்டளை முடிஞ்சதும் திருப்பித் தர்ற எண் 127ன்னா ஆளையே காணோம். 126ன்னா ஆள் இருக்கு, ஓட்ட முடியல. பாடம் அவ்வளவுதான். ஆனா ஸ்கிரிப்ட் நல்லா ஓடி, அதுக்குள்ள கடைசி வரியில் உள்ள கருவி கிடைக்காட்டியும் வெளிய வர்றது அதே 127தான்.

நவம்பர் 4
இன்னைக்கு "பெர்மிஷன் டிநைட்". யாரோ பதறிப் போய் சிஹெச்மாட் 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) போட்டு வச்சிருக்காவ. கருவியே மெஷினில் கிடையாது, எதுக்கு அனுமதி குடுக்க?

நிரலைத் தேடி ஓட்டுற எக்ஸெக்விபி அழைப்பு, பாத் பட்டியலை (கருவிகளைத் தேட வேண்டிய அடைவுகள்) இடமிருந்து வலமா தேடிக்கிட்டே போகும். நடுவுல நுழைய முடியாத ஒரு அடைவு வந்தா ஈஆக்ஸஸை (அனுமதி இல்லைங்கற பிழை) மனசுல வச்சுக்கிட்டு மேல நடக்கும். கடைசி வரை ஒண்ணும் கிடைக்காட்டி, "இல்ல"ன்னு சொல்லாம அந்தப் பழைய ஈஆக்ஸஸை நீட்டும். அதனால முதல்ல பாத்தைப் பிரிச்சு ஒவ்வொரு அடைவா எல்எஸ் -எல்டி போட்டு அனுமதியைப் பாக்கணும். கருவியோட பேரிலேயே ஓர் அடைவு பாத்துக்குள்ள கிடந்தாலும் இதே செய்திதான். நோஎக்ஸெக் (எதையும் ஓட்டக் கூடாது) போட்டு மவுன்ட் செஞ்ச டிஎம்பி அடைவில, ஓட்ட அனுமதி உள்ள 755 கோப்பும் ஓடாது, செய்தி மாறாது. மூணு நோய்க்கு ஒரே இருமல்.

நவம்பர் 5
மேக்குக்கான கட்டளைகள் உள்ள மேக்ஃபைலில், ஒரு கட்டளையோட செமிகோலன் சேர்த்தா பில்ட் ஓடுது. எடுத்தா "நாட் ஃபவுண்ட்". சவம்.

ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கான டெவலப்பர் கருவிகளோட வர்றது 3.81 மேக், 2006ல வந்தது (தமிழில் ரெண்டும் மேக், படிக்கிறவன் பாடு). சாதாரண ஒரு வரிக் கட்டளைன்னா அது ஷெல்லைக் கூப்பிடாம தானே ஓட்டும். அப்ப தேடுறது தான் கிளம்பினப்ப இருந்த பாத்தில். மேக்ஃபைலுக்குள்ள மாத்தின பாத் அங்க எடுபடாது. செமிகோலன் மாதிரி ஷெல் குறி ஒண்ணு இருந்தா வேலை ஷெல் கைக்குப் போகும், புது பாத் தெரியும். செமிகோலன் ஒட்டுப்போடுற வேலை. கருவிக்கு முழுப்பாதை எழுதுறதுதான் மேல்.

நவம்பர் 7
காத்து, கரண்டு இல்ல.

நவம்பர் 8
ஆல்பைன்ங்கற சின்ன லினக்ஸ் உள்ள கன்டெய்னர். ஓட்ட வேண்டிய பைனரி இருக்கு, 755 இருக்கு, "நாட் ஃபவுண்ட்". திரும்பவும் அக்டோபர் 31தான், வேஷம் மட்டும் வேற. ரீட்எல்ஃப் -எல் போட்டா பைனரி கேக்குற லோடர் (நிரலை நினைவகத்தில் ஏத்துறது) பேர் தெரியும்: ஜிலிப்சிங்கற சி நூலகத்தோடது. ஆல்பைனில் உள்ளது மஸ்ல்ங்கற வேற சி நூலகம். மஸ்லுக்கு பில்ட் செய்யணும், இல்லாட்டி கன்டெய்னரோட அடிப்படை இமேஜை ஜிலிப்சி உள்ள டெபியனுக்கு மாத்தணும்.

நவம்பர் 9
ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட்.ஜேஎஸ் சொல்றது: "ஸ்பான் கிட் ஈநோஎன்ட்". கிட் இருக்கு. இல்லாதது, எங்க நின்னு ஓடணும்னு சிடபிள்யூடியில் குடுத்த அடைவு.

நவம்பர் 10
இனி செய்தியை நம்புறதா இல்ல. கெர்னலுக்குப் போற அழைப்புகளைக் காட்டுற எஸ்ட்ரேஸ் -எஃப், அதில நிரலை ஓட்டுற எக்ஸெக்விஇ மட்டும். முதல் அழைப்பு 0 (சரியா ஓடிச்சு), ரெண்டாவது 0. அப்புறமும் 127. அப்ப ஸ்கிரிப்டுக்குள்ள, கடைசி வரியில உள்ள கருவிதான் காணோம்.